படர்க்கையிலிருந்து முன்னிலைக்கு

தியானப் பகுதி: சங்கீதம் 23





இவ்வாரத் தியானத்தை இரண்டு கேள்விகளோடு தொடங்க விரும்புகிறேன். கடவுள் இருக்கிறார் என்று நம்புகிறீர்களா? இதை வாசிக்கிறவர்களில் பெரும்பாலோர் தயக்கமின்றி ஆம் என்பீர்கள். அப்படியானால், கடைசியாக எப்போது அவரோடு பேசினீர்கள்? ஆலயத்தில் எல்லாரோடும் சேர்ந்து சொன்ன ஜெபத்தை நான் குறிப்பிடவில்லை. உங்கள் உள்ளத்தில் இருப்பதை, உங்கள் சொந்தச் சொற்களில், அவரிடமே சொன்னது எப்போது? முதல் கேள்விக்கு வந்த விரைவு இரண்டாவது கேள்விக்கு வருவதில்லை. பல ஆண்டுகளாகச் சபையில் இருக்கிறவர்களுக்கும் இதுவே நிலைமை.

பள்ளிக்கூடத்தில் நாம் எல்லாரும் படித்த இலக்கணப் பாடம் ஒன்று உண்டு. தன்மை, முன்னிலை, படர்க்கை என்று இடம் மூன்று. பேசுகிறவன் தன்மை, எதிரே நின்று கேட்கிறவன் முன்னிலை, அவ்விருவருக்கும் அப்பால், பேசப்படுகிறவன் படர்க்கை. ‘நான்’, ‘நீர்’, ‘அவர்’. விசுவாச வாழ்க்கையின் முழு வேறுபாடும் இந்தக் கடைசி இரண்டு சொற்களுக்கு இடையே இருக்கிறது என்று சொன்னால் அது மிகையாகாது.

இதை விளங்கிக்கொள்ள வேதசாஸ்திரக் கல்லூரிக்குப் போக வேண்டியதில்லை. நம் வீடுகளே போதும். கணவனுக்கும் மனைவிக்கும் மனவருத்தம் உண்டாகிவிட்டால் என்ன நடக்கிறது? இருவரும் ஒரே கூரையின்கீழ்தான் இருக்கிறார்கள். சமையல் நடக்கிறது, விளக்கு எரிகிறது. ஆனால் நடுவில் ஒரு பிள்ளை தூதனாக நிற்கிறது. “அப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு” என்று அம்மா சொல்லுவார். “எனக்குப் பசியில்லை என்று சொல்லு” என்று அப்பா சொல்லுவார். அவர் நாலு அடி தூரத்தில், எல்லாம் காதில் விழும்படி உட்கார்ந்திருக்கிறார். அவர் இருக்கிறார் என்பதில் அந்த அம்மாவுக்குச் சந்தேகம் ஏதும் உண்டா? இல்லை. அவருக்குரிய கடமைகளில் ஏதாவது குறைந்துபோயிற்றா? அதுவும் இல்லை. போய்விட்டது முன்னிலை ஒன்றுதான். ‘நீங்கள்’ என்று இருந்தவர் ‘அப்பா’ என்ற படர்க்கையாக மாறிவிட்டார். உறவு உடைந்ததை அந்த ஒரு சொல்மாற்றமே காட்டிக்கொடுத்துவிடுகிறது.

நம்மில் பலர் தேவனோடு இவ்விதமாகவே குடும்பம் நடத்துகிறோம். அவர் இருக்கிறார் என்று அறிக்கையிடுகிறோம், காணிக்கை தவறுவதில்லை, பண்டிகைகள் குறைவில்லாமல் நடக்கின்றன. ஆனால் அவரிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் போதகரிடம் சொல்லி அனுப்புகிறோம். “ஐயா, நீங்கள் சொன்னால் கர்த்தர் கேட்பார்” என்று என்னிடம் சொல்லுகிறவர்கள் அன்பினாலும் மரியாதையினாலும் சொல்லுகிறார்கள். ஒருவருக்காக ஒருவர் ஜெபிப்பது வேதம் கற்பிக்கும் நல்ல ஒழுங்கு. ஆயினும் அந்த வார்த்தையைக் கேட்கும்போதெல்லாம், நாலு அடி தூரத்தில் உட்கார்ந்து காத்திருக்கும் ஒரு தகப்பனை நினைத்துக்கொள்கிறேன்.

இப்போது சங்கீதம் 23-ஐத் திறந்து பாருங்கள். மனப்பாடமாக அறிந்திருந்தாலும், இந்த ஒரு முறை சொற்களின் இடத்தைக் கவனித்து வாசியுங்கள். ஆறே வசனங்கள் உள்ள இச்சங்கீதத்தின் முதல் மூன்று வசனங்களில் தாவீது தேவனைப் படர்க்கையில் பேசுகிறான். மேய்ப்பர் தனக்கு என்னென்ன செய்கிறார் என்று நமக்கு எடுத்துச் சொல்லுகிறான்: அவர் மேய்க்கிறார், அவர் நடத்துகிறார், அவர் ஆத்துமாவைத் தேற்றுகிறார். அங்கே புல்லும் தண்ணீரும் இருக்கின்றன. எல்லாம் சுகமாயிருக்கிறது. நான்காம் வசனத்தில் பாதை இருண்ட பள்ளத்தாக்குக்குள் இறங்குகிறது. அந்த இடத்தில், எந்த முன்னறிவிப்பும் இல்லாமல், ‘அவர்’ என்பது ‘தேவரீர்’ ஆகிவிடுகிறது. தாவீது நம்மிடம் பேசுவதை நிறுத்திவிட்டு மேய்ப்பரிடமே பேசத் தொடங்குகிறான். எபிரெய மூலத்திலும் அம்மாற்றம் அதே இடத்தில்தான் நிகழ்கிறது.

பசும்புல்வெளியில் மேய்ப்பரைப் பற்றிப் பேசினால் போதுமாயிருந்தது. இருளில் அது போதவில்லை. கையருகே ஒருவர் இருக்கிறார் என்ற செய்தி அந்த நேரத்தில் உதவாது. அவரைக் கூப்பிட்டாக வேண்டும்.

இதற்கு நேர்மாறான ஒரு காட்சியை ஆதியாகமம் மூன்றாம் அதிகாரத்தில் காண்கிறோம். ஏதேன் தோட்டத்தில் சர்ப்பமும் ஸ்திரீயும் நடத்திய உரையாடல் முழுவதும் தேவனைப் பற்றியது. அவர் என்ன சொன்னார், ஏன் சொன்னார், அவருடைய உள்நோக்கம் என்ன என்று இருவரும் ஆராய்கிறார்கள். அவரோ அந்தத் தோட்டத்தில் உலாவுகிறவர். சந்தேகம் எழுந்தபோது அவரிடமே போய்க் கேட்டிருக்கலாம். ஒருவரும் கேட்கவில்லை. வீழ்ச்சிக்கு முன்னே நடந்தது, தேவனை அப்பால் நிறுத்திவைத்துப் பேசிய அந்தப் பேச்சு. அதன்பின் மனிதன் மரங்களுக்கிடையே ஒளிந்துகொள்கிறான். அப்போது முன்னிலையை மீண்டும் தொடங்கிவைத்தது யார்? தேவனே. ஒளிந்திருந்தவனை நேராகக் கூப்பிட்டு, அவன் இருக்கும் இடத்தை அவனிடமே விசாரிக்கிறார். பிரியமானவர்களே, நாம் தேவனைத் தேடுகிறோம் என்று சொல்லிக்கொள்ளும் எல்லாத் தேடலுக்கும் முன்பாக அந்த அழைப்பு ஒலித்துக்கொண்டிருக்கிறது. நம் ஜெபம் எப்போதும் பதிலுரைதான், முதற்பேச்சு அவருடையது.

யோபின் புத்தகத்தை இந்தக் கண்ணோடு வாசித்தால் ஓர் உண்மை தெளிவாகும். எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் ஆகிய மூன்று நண்பர்களும், பின்னர் வந்த எலிகூவும் தேவனைப் பற்றி நீண்ட பிரசங்கங்கள் செய்கிறார்கள். அவற்றில் பல வாக்கியங்களைத் தனியே எடுத்தால் குற்றம் காண முடியாது. ஆனால் அத்தனை அதிகாரங்களிலும் அவர்களில் ஒருவராவது தேவனை நோக்கி ஒரு வார்த்தை ஜெபித்ததாகப் பார்க்க முடியாது. யோபு அப்படியல்ல. நண்பர்களோடு வாதாடிக்கொண்டிருக்கும்போதே சட்டென்று திரும்பித் தேவனிடம் பேசிவிடுகிறான். 7, 10, 13 ஆகிய அதிகாரங்களை வாசித்துப் பாருங்கள். அங்கே அவன் பேசும் வார்த்தைகள் பக்தியாய்க்கூடத் தோன்றுவதில்லை. முறையிடுகிறான், வழக்காடுகிறான், தன்னை ஏன் விடாமல் குறிவைக்கிறார் என்று கேட்கிறான். முடிவிலோ கர்த்தர் எலிப்பாசைக் கடிந்துகொண்டு, யோபு பேசியதே சரி என்று தீர்ப்பளிக்கிறார். 42-ஆம் அதிகாரம் ஏழாம் வசனத்தில், நம் மொழிபெயர்ப்பில் ‘குறித்து’ என்று வரும் இடத்தில் உள்ள எபிரெயச் சொல்லுக்கு ‘இடத்தில்’, ‘நோக்கி’ என்ற பொருளும் உண்டு. பெரும்பாலான மொழிபெயர்ப்பாளர்கள் ‘குறித்து’ என்றே கொள்கிறார்கள், அது தவறன்று. ஆயினும் அந்த மற்றப் பொருளும் சிந்திக்கத்தக்கது. சாம்பலில் உட்கார்ந்து தேவனிடமே பேசியவன் ஒருவன் மட்டுமே.

சபையார் ஒருவரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். பல ஆண்டுகள் ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்கு வேதம் கற்றுக்கொடுத்தவர். நீண்ட நோய்க்குப்பின் அவருடைய மனைவி மரித்துப்போனார். அதன்பின் அவர் ஆலயத்துக்கு வருவதை நிறுத்தவில்லை; ஆனால் பாட்டு வேளையில் புத்தகத்தைத் திறப்பதில்லை. ஒருநாள் மாலை அவருடைய வீட்டுக்குச் சென்றிருந்தேன். “ஐயா, கடவுள் இருக்கிறார் என்பதில் எனக்கு எள்ளளவும் சந்தேகமில்லை. அவரோடு பேசுவதற்குத்தான் என்னிடம் ஒன்றும் இல்லை” என்றார். விளக்கம் எதுவும் அவருக்குத் தேவையாயிருக்கவில்லை. நான் சொல்லக்கூடிய விளக்கங்களையெல்லாம் அவரே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவர். சங்கீதம் 88-ஐ எடுத்து, உரக்க வாசிக்கும்படி கேட்டுக்கொண்டேன்.

எஸ்ராகியனாகிய ஏமானின் பெயரைத் தாங்கி நிற்கும் சங்கீதம் அது. புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் துயரத்தில் தொடங்கினாலும் துதியிலோ நம்பிக்கையிலோ முடியும். இச்சங்கீதம் அப்படி முடிவதில்லை. பதினெட்டு வசனங்களையும் கடந்து வந்தால் கடைசியில் நிற்பது இருள். ஆசிரியருக்கே உரிய கணீர்க் குரலில் வாசித்துக்கொண்டு வந்தவர், கடைசி வசனம் முடிந்ததும் அடுத்த பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். “இவ்வளவுதானா?” என்றார். “இவ்வளவுதான்” என்றேன். நெடுநேரம் மௌனமாயிருந்துவிட்டு, “அப்படியானால் இப்படியும் அவரிடம் பேசலாமா?” என்று கேட்டார்.

சில வாரங்கள் கழித்து, ஆராதனை முடிந்து எல்லாரும் கலைந்தபின் என்னிடம் வந்தார். அன்று இரவே தேவனிடம் ஒரு கேள்வியைக் கேட்டதாகச் சொன்னார். என்ன கேள்வி என்று நான் கேட்கவில்லை. அது அவர்கள் இருவருக்கும் இடையே உள்ளது. “பதில் வரவில்லை, ஐயா. ஆனால் மறுநாளும் கேட்டேன். இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்” என்றார். அவருடைய துக்கம் தீர்ந்துவிட்டது என்று நான் எழுதினால் அது பொய்யாகும். அது தீரவில்லை. ஆனால் அந்த வீட்டில் மீண்டும் பேச்சு தொடங்கியிருக்கிறது. பதினெட்டு வசனங்களிலும் இருளைப் பற்றிப் பேசும் ஏமான், அந்த இருளை யாரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறான் என்று பாருங்கள். முதல் வசனத்திலேயே தேவனைத் தன் இரட்சிப்பின் தேவனாக விளித்துவிட்டு, பிறகுதான் முறையிடத் தொடங்குகிறான். பதில் கிடைக்காத ஜெபமும் உறவுதான். பேசுவதை நிறுத்திவிடுவதே பிரிவு.

கிறிஸ்து நாதர் சிலுவையில் செய்ததை இங்கே நினைவுகூருவோம். தாம் கைவிடப்பட்டதாக உணர்ந்த அந்த வேளையிலும், பிதா ஏன் இப்படிச் செய்தார் என்று அருகே நின்றவர்களிடம் அவர் கேட்கவில்லை. தம்முடைய தேவனை இருமுறை கூப்பிட்டு அவரிடமே கேட்டார். மனிதகுலத்தின் மிக ஆழமான இருளுக்குள் இறங்கியபோதும் நம் ஆண்டவர் முன்னிலையை விட்டுக்கொடுக்கவில்லை. ஆகையால் நாம் எந்த இருளிலிருந்து தேவனைக் கூப்பிட்டாலும், நமக்கு முன்னே ஒருவர் அங்கிருந்து கூப்பிட்டிருக்கிறார்.

இத்தனையும் சொல்வதால் படர்க்கையில் பேசுவது பிழை என்று எண்ணிவிடாதீர்கள். விசுவாசப் பிரமாணம் முழுவதும் படர்க்கையிலேயே இருக்கிறது. சாட்சியும் பிரசங்கமும் அவ்வாறே. தாவீதும் பள்ளத்தாக்கைக் கடந்தபின், கடைசி வசனத்தில் கர்த்தருடைய வீட்டைப் பற்றி நமக்குச் சொல்லத் திரும்பி வருகிறான். நம் ஆராதனை முறைமையில் விசுவாசப் பிரமாணத்தை எழுந்து நின்று சொல்லுகிறோம்; பின்பு முழங்காற்படியிட்டுக் கர்த்தருடைய ஜெபத்தைச் சொல்லுகிறோம். பிரமாணத்தில் ‘அவர்’ என்று அறிக்கையிடப்பட்டவரே ஜெபத்தில் ‘பிதாவே’ என்று விளிக்கப்படுகிறார். எழுந்து நிற்பதும் வேண்டும், முழங்காற்படியிடுவதும் வேண்டும். முதலாவதோடு நின்றுவிடுவதில்தான் ஆபத்து இருக்கிறது. தேவனைப் பற்றிப் பேசுவதையே தொழிலாகக் கொண்ட என்னைப் போன்ற போதகர்களுக்கு இந்த ஆபத்து அதிகம். ஹிப்போ நகரின் பேராயராயிருந்த அகஸ்டின், ஏறக்குறைய கி.பி. 397-க்கும் 400-க்கும் இடையில் தம் வாழ்க்கை வரலாற்றை ‘அறிக்கைகள்’ என்ற பெயரில் பதின்மூன்று புத்தகங்களாக எழுதினார். அத்தனை பெரிய மேதை அந்த நூல் முழுவதையும் தேவனை நோக்கிய பேச்சாகவே அமைத்தார். அவருடைய இறையியலே ஜெபமாயிருந்தது.

அதேவேளையில், விளிச்சொல்லை உச்சரித்துவிட்டால் உறவு வந்துவிடும் என்பதும் இல்லை. லூக்கா 18-ஆம் அதிகாரத்தில் ஆலயத்துக்குப் போன பரிசேயனும் தேவனைக் கூப்பிட்டுத்தான் ஜெபித்தான். ஆனால் அவன் பேச்சு தன்னைச் சுற்றியே வந்தது; இடையில் பார்வை ஆயக்காரன் பக்கம் போயிற்று. முன்னிலை என்ற சொல்லுக்கு எதிரே நிற்றல் என்று பொருள். தேவனுக்கு எதிரே நிற்கிறவன் தன்னுடைய நிலையையும் உணருகிறான். ஆயக்காரனின் ஜெபம் மிகச் சிறியது. ஆனாலும் அதில் இருவர் இருந்தார்கள்.

லூக்கா 15-இல் வரும் மூத்த குமாரனையும் கவனியுங்கள். இளையவன் தூரதேசத்திலிருந்து திரும்பும்போதும் ‘தகப்பனே’ என்று கூப்பிடுவதை மறக்கவில்லை. மூத்தவனோ வீட்டைவிட்டு ஒருநாளும் போகாதவன். வயலிலிருந்து வந்தவன் வீட்டில் கீதவாத்தியம் கேட்டதும், உள்ளே சென்று தகப்பனிடம் விசாரிக்கவில்லை. ஊழியக்காரன் ஒருவனை அழைத்து விசாரித்தான். தகப்பன் வெளியே வந்து வருந்திக் கேட்டுக்கொண்டபோதும், அவன் சொன்ன மறுமொழியில் கணக்கு இருக்கிறது, குறை இருக்கிறது. ‘தகப்பனே’ என்ற சொல் இல்லை. பிறந்ததுமுதல் சபையில் வளர்ந்த நமக்காகவே ஆண்டவர் இந்த இரண்டாம் பாதியைச் சொன்னார் போலும். ஆனால் தகப்பன் அவனை எப்படி அழைத்தார்? ‘மகனே’ என்றார். விளியை மறந்துபோன பிள்ளையையும் தகப்பன் விளித்தே பேசுகிறார்.

ஆகவே, இந்த வாரத்தில் ஒரு சிறிய காரியத்தைச் செய்து பார்க்கும்படி உங்களைக் கேட்டுக்கொள்ளுகிறேன். உங்கள் மனம் நாள்முழுதும் தனக்குத்தானே பேசிக்கொண்டிருக்கிறது. ‘இந்தக் கடன் எப்படித் தீருமோ’, ‘பிள்ளைக்கு எப்போது வேலை கிடைக்குமோ’, ‘மருத்துவர் என்ன சொல்லப்போகிறாரோ’ என்று. அந்த வாக்கியத்தை அப்படியே எடுத்து, அதன் முன்னே ‘ஆண்டவரே’ என்ற ஒரு சொல்லைச் சேர்த்து, அவரிடம் சொல்லுங்கள். அலங்கார வார்த்தைகள் வேண்டாம். ‘நீர்’ என்று வேதாகமத் தமிழில் பேச வராவிட்டால், வீட்டில் பேசுகிற தமிழில் பேசுங்கள். எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் ‘நீர்’ என்பது கூடப் பழகிய நண்பர்கள் தங்களுக்குள் சொல்லும் சொல்லும்கூட. மரியாதையும் நெருக்கமும் அச்சொல்லில் சேர்ந்தே இருக்கின்றன. சொல்லி முடித்ததும் உடனே எழுந்துவிடாமல் சற்று நேரம் அமைதியாய் இருங்கள். எதிரே நிற்கிறவர் பேசுவதற்கும் இடம் வேண்டுமல்லவா?

தேவன் இருக்கிறாரா என்பதிலேயே ஐயம் உள்ள ஒருவர் இதை வாசித்துக்கொண்டிருக்கலாம். உங்களுக்கும் ஒரு வார்த்தை. மாற்கு ஒன்பதாம் அதிகாரத்தில், நோயுற்ற மகனைக் கொண்டுவந்த தகப்பன் ஒருவன் தன் விசுவாசத்தையும் அவிசுவாசத்தையும் ஒரே மூச்சில் இயேசுவிடம் சொன்னான். ஐயம் தீர்ந்தபின் வா என்று ஆண்டவர் அவனைத் திருப்பி அனுப்பவில்லை. அந்த மகனைக் குணமாக்கிக் கொடுத்தார். உங்கள் சந்தேகத்தை நண்பர்களோடு விவாதிப்பது நல்லது. ஒருமுறை அதை அவரிடமே சொல்லிப் பாருங்கள். அவர் இருந்தால் கேட்பார். அவர் இருக்கிறார் என்று விசுவாசிக்கிற நான், அவர் கேட்பார் என்றும் உங்களுக்குச் சொல்லத் துணிகிறேன்.

ஜெபிப்போம்.

எங்கள் பிதாவே, உம்மைப் பற்றி மிகுதியாய்ப் பேசுகிறோம்; உம்மிடமோ குறைவாய்ப் பேசுகிறோம். நாங்கள் ஒளிந்திருந்தபோதும் எங்களைக் கூப்பிடுகிற உமது அன்புக்காக ஸ்தோத்திரம். துக்கத்தினால் வாய் அடைபட்டிருக்கிறவர்களுக்கு முதல் வார்த்தையைத் தாரும். பதிலுக்காகக் காத்திருக்கிறவர்களோடு நீரும் காத்திரும். உமது குமாரனும் எங்கள் இரட்சகருமாகிய இயேசு கிறிஸ்துவின் மூலம் கேட்கிறோம், பிதாவே.

ஆமென்.